மட்டைக் குழியின் மேல் ஒரு ஓடுதளம்

போன மாதம் ஹம்சா காக்கா என் போனுக்கு ஒன்பது படங்கள் அனுப்பினார். நான் வேலை செய்த அவருடைய தீவின் விமான நிலையத்துக்கு வெளியிட்ட சிறப்பு மலரின் பக்கங்கள். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது வராது. ரேணிகுண்டா ஸ்டேஷன் ரோட்டில் செராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரசாத்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதலில் ஹெலிகாப்டர் இறங்கிய பள்ளிக்கூட மைதானம், அப்புறம் சின்ன விமானத்துக்கான குட்டை ஓடுதளம், அப்புறம் நீட்டிய ஓடுதளம், ஏசி போட்ட கட்டடம், இரவு விளக்குகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "மேற்கு முனையில் இருந்த பலவீனமான நிலம் நவீன மண் ஆய்வின் மூலம் முன்கூட்டியே கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டது."

அந்த இடத்தில் பிரசாத்தை நிறுத்தச் சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

"இன்னா தாத்தா, தப்பா எழுதிக்கீறாங்களா?"

"தப்பு இல்ல நைனா. பொய்."

இங்கே விமான நிலையத்துப் பக்கம் ரோலர் ஓட்டும் பிள்ளைகள் டீக்கடையில் என்னைப் பார்த்தால் தீவு வேலையைப் பற்றிக் கேட்பார்கள். இதுவரை கப்பலில் வாந்தி எடுத்த கதையை மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இனி முழுசாகவே சொல்லிவிடுகிறேன். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஜனங்கள் ஓடுதளத்துக்குத் தங்கள் தோப்பைக் கொடுத்தவர்கள்; அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கம்பெனியின் பெயரும் வேண்டாம். என் பெயர் முனிரத்தினம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிச்சாட்டூர் பக்கம். எங்கள் குடும்பத்துக்கு நிலம் கிடையாது. ஏழாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசியது தமிழ், வாத்தியார் கேட்டது தெலுங்கு, இரண்டுக்கும் நடுவில் நான் வெளியே வந்துவிட்டேன். தமிழ் எழுத்தைப் பஸ் பலகையிலும் சினிமா போஸ்டரிலும் படித்துக் கற்றேன். சித்தூர் பக்கம் கல் குவாரியில் இருந்தேன். மாங்காய் சீசனில் கூழ் ஆலை. திருப்பதியில் ஒரு ஓட்டலில் மாவு அரைத்தேன். காணிப்பாக்கத்தில் கோயில் தெருக் கடையில் தேங்காய் உரித்தேன். தேங்காய் மட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்: காய்ந்தால் அடுப்புக்கு, நனைந்தால் குப்பைக்கு. எங்கேயும் மூன்று வருஷம் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. என் கால் நிற்காது, அவ்வளவுதான்.

தீவுக்கு முதல் தடவை போனது துரைசாமி மாமாவோடு. அம்மாவின் தம்பி. நகரி, சத்தியவேடு, பிச்சாட்டூர்ப் பக்கத்து ஆட்களைத் திரட்டி மண்வேலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உடைந்த ஏரிக்கரையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார், சொன்னது தவறாது. எங்களில் பாதிப் பேர் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. கப்பலில் இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை தண்ணீர்மேல் தென்னை மட்டும் நின்றது. அடியில் தரை இருப்பதே கிட்டே போனபிறகுதான் தெரிந்தது.

தீவின் அகலம் நடந்தால் கால் மணி நேரம். நீளம் ஒரு மணி நேரம். கப்பல் மாதத்துக்கு இரண்டு தடவை வரும். பெருமழைக் காலத்தில் அதுவும் வராது. ஹம்சா காக்காவின் தம்பி வயிற்றுவலியோடு படகில் ஏற்றப்பட்டுப் பாதி வழியிலேயே இறந்துபோனாராம். அதே வருஷம்தான் தோப்புக்காரர்கள் ஓடுதளத்துக்கு இடம் கொடுக்கச் சம்மதித்தார்கள். காக்கா என்றால் அங்கே அண்ணன். மாமாவுக்கு இது கடைசிவரை வாயில் வரவில்லை. "இன்னா ஹம்சா" என்றுதான் கூப்பிடுவார். ஹம்சா காக்கா வாலிபத்தில் நாகூர்ப் பக்கம் கப்பல் வேலையில் இருந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். மேற்கு முனையில் நாங்கள் வெட்டிய தென்னைகளில் முப்பது அவருடையவை. ஒவ்வொரு மரம் விழும்போதும் வந்து நிற்பார். திட்ட மாட்டார். எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

போன முதல் வாரமே ஊர்ப் புத்தியைக் காட்டினோம். எங்கள் பக்கம் கரை கட்டினால் சாயந்திரம் மண்ணை நனைத்துவிட்டு மறுநாள் காலையில் திமிசு போட்டு இடிப்பார்கள். களிமண் இரவு முழுக்க ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தீவிலும் அப்படியே செய்தோம். அது மண் இல்லை, பவழம் பொடிந்த வெள்ளை மணல். காலையில் போய்ப் பார்த்தால் எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. குடிக்கவே அளந்து கொடுத்த நல்ல தண்ணீர், கால் டேங்கர் வீண். உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் பின்னால் தார் கொப்பளித்துக்கொண்டு எழும்.

அதற்காக எங்களைக் கேள்வி கேட்க வந்தவர்தான் செஞ்சுராமய்யா. அப்போது சின்ன இன்ஜினியர், சந்திரகிரிக்காரர். அவருக்குச் சத்தம் போடத் தெரியாது. மனசு நன்றாக இருந்தால் தமிழில், "ஏண்டா முனீ, துன்னியா?" என்பார். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறுவார், மரியாதையும் ஏறும். "முனிரத்தினம்காரு, தயவுசேசி இலா ரண்டி" என்று, அதாவது தயவுசெய்து இப்படி வாருங்கள் என்று, கூப்பிட்டால் அன்றைக்குத் தொலைந்தோம். வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து மேல் பையில் வைத்திருப்பார். அதை எடுத்துக் கழுத்தைத் துடைத்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்த பிறகுதான் பேசுவார். அந்த இடைவெளிக்குள் நமக்கு நம் தப்பெல்லாம் நினைவுக்கு வந்துவிடும். வேலை தெரிந்த மனிதர். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

மேற்கு முனையில், பவழப் பாறைக்கு உட்புறம் தேங்கிய உள்கடலை ஒட்டி, ஹம்சா காக்காவின் மட்டைக் குழி இருந்தது. தீவு முழுக்க அப்படிக் குழிகள் உண்டு. உரித்த தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீர் ஊறும் குழியில் போட்டு, மேலே கல் வைத்து, மாதக் கணக்கில் விட்டுவிடுவார்கள். இந்தக் குழி இரண்டு லாரி அருகருகே நிற்கும் அகலம், ஆளுயரத்துக்கு மேல் ஆழம். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. உத்தரவு என்னவென்றால், அடியில் வெள்ளை மணல் தெரியும்வரை எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு, முழங்கையளவு உயரத்துக்கு ஒரு அடுக்காக மணல் கொட்டி இடித்து மூடவேண்டும். அந்த இடம் அப்போது ஓடுதளத்துக்குள் வரவில்லை, முனைக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் அதுதான் உத்தரவு.

நாலு பேர் இறங்கினோம். இரண்டு நாள் வாரினோம். கை கறுத்து அரித்தது, சோறு இறங்கவில்லை. இடுப்பளவு போயிருப்போம். அடியில் இன்னும் கறுப்புத்தான். மழைக்காலம் வேறு வருகிறது, அதற்கு முந்தைய கடைசிக் கப்பலை விட்டால் மாதக் கணக்கில் ஊர் திரும்ப முடியாது. மாமா விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தார்.

"போதும் ஏறுங்கடா. இது எருக்குழிதானே? ரெண்டு மழ பெஞ்சா மண்ணா பூடும்."

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் ஊரில் குழியில் போட்டது எதுவாக இருந்தாலும் மண்ணாகித்தான் வெளியே வந்திருக்கிறது: சாணி, வைக்கோல், வாழை மட்டை, செத்த கோழி. ஹம்சா காக்கா மட்டும் தென்னை அடியில் நின்றபடி சொன்னார்:

"அது மண்ணாகாது. அது கயிறாகும்."

மாமா சிரித்தார். "மரம் போன வவுத்தெரிச்சல்ல பேசிகினு கீறாரு. பாவம், உடு."

மணலைக் கொட்டினோம். மேலே நன்றாகவே இடித்தோம், அதில் குறை வைக்கவில்லை. செஞ்சுராமய்யா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்து, "மொத்தம் வாரியாச்சா?" என்று கேட்டார். மாமா தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. அவர் குழிக்குக் கிட்டே வரவில்லை. டிக் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஓடுதளம் முடிந்து சின்ன விமானம் வந்தது. நான் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டேன். புத்தூர் ரோட்டில் ஒரு ரோலருக்கு கிளீனராகச் சேர்ந்தேன். டிரைவருக்கு இடுப்பு போய்விட்டது, சீட் எனக்கு வந்தது. கற்றதைச் சொல்வதற்கு இதற்கு மேல் இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ரோலர் ஓட்டுவதில் பாதி வேலை கண்ணுக்கு, பாதி வேலை உட்காரும் இடத்துக்கு. கெட்டியான தரை ரோலரைத் திருப்பி உதைக்கும். அந்த உதை சீட் வழியாக முதுகில் ஏறிப் பல்வரைக்கும் வரும். மெத்தென்ற தரை உதையை விழுங்கிக்கொள்ளும். சட்டென்று சுகமாக இருந்தால் பயப்படவேண்டும்.

பல வருஷம் கழித்து அதே தீவில் ஓடுதளத்தை நீட்டும் வேலை வந்தது. கொஞ்சம் பெரிய விமானம் இறங்க வேண்டுமாம், நோயாளியைப் படுக்கவைத்தே கொண்டுபோகலாமாம். மாமா இப்போது ஆள், மிஷின் இரண்டும் சப்ளை செய்கிறவர். பத்து டன் ரோலர் ஒன்றைப் பார்ஜ் என்ற தட்டைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஓட்ட என்னைக் கூப்பிட்டார். செஞ்சுராமய்யா இப்போது பெரிய சார். கைக்குட்டை அதேதான்.

மேற்கு முனையில் மரம், கல், வேலி, பழைய அடையாளம் ஒன்றும் இல்லை. எல்லாம் வெள்ளை. குழி எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. மனசில் ஒரு மூலையில், 'இத்தனை மழைக்கு மண்ணாகியிருக்கும்' என்று வைத்திருந்தேன்.

அந்தப் பகுதிக்கு மண் டெஸ்ட் ஒரே ஒருநாள், காலை ஏழு மணிக்கு நடந்தது. கையகலத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, எடுத்த மணலைத் தராசில் நிறுத்து, அதே குழியில் அளவு தெரிந்த மணலைக் கொட்டி நிரப்பி, எவ்வளவு கொள்கிறது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து தரை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கு. காற்று எழுந்தால் தராசு ஆடும், அதனால் எப்போதும் காலையில்தான். பாஸ் ஆனது. சரியாகத்தான் செய்தார்கள், ஆனால் அந்த நேரத்தில் கடல் இறங்கியிருந்தது.

அன்றைக்கே மதியம் பன்னிரண்டு மணிக்கு அதன்மேல் ரோலர் விட்டேன். ஒரு இடத்தில் உதை நின்றது. ரோலரின் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம் சுகமாக இருந்தது, பிறகு மறுபடி உதைத்தது. பின்னால் எடுத்து மறுபடி விட்டேன், அதே இடத்தில் அதே சுகம். மாலை நாலு மணிக்குப் போனபோது இல்லை, தரை கல்லாக இருந்தது. மறுநாள் பன்னிரண்டுக்கும் கல்தான். ஒரு மணி நெருங்கும்போது சுகம் வந்தது. மூன்றாம் நாள் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். நான் படித்தது ஏழாவது. ஆனாலும் தினமும் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளித்தள்ளி வருவது அந்தத் தீவில் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். கடல் ஏறும் நேரம். கடல் பக்கவாட்டில் வருவதாக நாம் நினைக்கிறோம். பவழத் தீவில் அது அடியிலிருந்தும் வரும்.

சாயந்திரம் ஹம்சா காக்காவைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவர் உள்கடலைப் பார்த்தார், பாறை உடைந்து படகு உள்ளே வரும் வாயைப் பார்த்தார், இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தார்.

"இதுதான். படகு வாய்க்கு நேரே. என் வாப்பா வெட்டின குழி."

"மண்ணாயிருக்குமா காக்கா?"

"முனீ, மண்ணாகிற சாமானை நாங்க ஏன் அவ்வளவு பாடுபட்டுக் குழியிலே போடணும்? மத்ததெல்லாம் அழுகிப்போகும். நார் மட்டும் நிக்கும். நிக்கணும்னுதான் உப்புத் தண்ணியிலே போடறது."

குழியில் போட்டது மண்ணாகும் என்பது எங்கள் ஊர் நியாயம். நாங்கள் நின்றது எங்கள் ஊர் இல்லை.

அது இருந்த இடம் புது ஓடுதளத்தின் முனை. விமானத்தின் சக்கரம் முதன்முதலில் அடித்து இறங்கும் இடம்.

மாமாவிடம் போனேன். கீழே உட்கார்ந்து மீன் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு மூடின குழி புது ஓடுதளத்துக்குள்ள வந்துகீது. மட்ட அப்படியே கீது."

"எவன் சொன்னான்?"

"ரோலரு சொல்லுது."

"ரோலருக்கு வாயி வந்துட்ச்சா? டெஸ்ட்டு பாஸு. நாளான்னைக்கு டில்லிலேந்து ஆபீசருங்க வர்றாங்கோ. கம்முனு ஜல்லி கொட்ட உடு."

"எறங்கற எடம் மாமா. பள்ளம் உழுந்தா ஏரோபிளேன் கவுந்துடும்."

"தோண்டுனா யாரு மூடினாங்கன்னு கேப்பாங்கோ. இன்னா சொல்லுவ?"

"நாம மூடினோம்னு சொல்வேன்."

அவர் சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினார். "அக்கா புள்ளன்னு ரோலர் மேல ஒக்கார வச்சேன். எந்தலைமேலயே ஏத்துறியா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மறுநாள் காலை பெரிய சாரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், இடுப்பளவோடு நிறுத்தியதையும் சேர்த்து. கைக்குட்டையை எடுத்தார், கழுத்தைத் துடைத்தார், மடித்தார்.

"முனிரத்தினம்காரு, டெஸ்ட் ரிப்போர்ட் மீரு ராஸ்தாரா, நேனு ராயாலா?" ரிப்போர்ட்டை எழுதுவது நீங்களா நானா என்று கேட்கிறார்.

"நீங்கதான் சார். ஆனா கடல் ஏறும்போது ஒருவாட்டி டெஸ்ட்டு பண்ணுங்க சார்."

"மீ பனி மீரு சூஸ்கோண்டி." உங்கள் வேலையைப் பாருங்கள்.

என் வேலையைப் பார்த்தேன். அதாவது, அடுத்தநாள் ஆபீசர்கள் பழைய ஓடுதளத்தில் சின்ன விமானத்தில் வந்து இறங்கியபோது, ரோலரைக் கொண்டுபோய் அந்தக் குழியின் மேல் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்து ஜட்டிக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இறங்கி நின்றேன். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் பின்னால் நின்றன. ரோலர் நகராமல் அவை கொட்ட முடியாது.

மாமா ஓடிவந்தார். "டேய், எட்றா வண்டிய! மானம் போவுது!"

"மாட்டேன்."

"சாவியக் குடு!"

"எடுத்துக்கோ மாமா, முடிஞ்சா."

பின்னால் டிப்பர்க்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். மாமா அவனைப் பார்த்த பார்வையில் அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஆபீசர்கள் மூன்று பேர் நடந்து வந்தார்கள். வயதானவர் ஒருவருக்குத் தமிழ் தெரியும். "ஏன் இந்த ரோலர் நிற்கிறது?" என்றார்.

பெரிய சார் முந்திக்கொண்டார். ஆபரேட்டர் குடித்திருக்கிறான், மாற்று ஆளை வரவழைக்கிறோம் என்று இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும். 'டிரங்க்' என்ற சொல் எனக்குத் தெரியும்.

"இந்தத் தீவுல குடிக்கத் தண்ணியே ரேஷன்ல குடுக்கறாங்க சார்" என்றேன். "வேணும்னா ஊதிக் காட்றேன்."

அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. "நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். எரு என்று நினைத்தது, பாதி வாரியது, மூடியது, மூன்று நாள் நேரம் தள்ளிப்போனது. கடைசியில், "இன்னைக்கு மூணு மணிக்கு மேல லோடு டிப்பர் ஒண்ண இதுமேல மெதுவா உட்டுப் பாருங்க சார். தரை ஆடலன்னா சாயந்திரமே என்னைக் கடல்ல தள்ளுங்க" என்றேன்.

"இப்போது விட்டால்?"

"இப்போ ஆடாது சார். கடல் ஏறணும்."

மூன்று மணிவரை ஒரு டில்லி ஆபீசர் எதற்காக வெயிலில் காத்திருக்கவேண்டும்? அவர் காத்திருந்தார். கொட்டகையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார், மற்ற ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். பெரிய சார் பக்கத்திலேயே நின்றார். நான் ரோலர் நிழலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கம் வரவில்லை. பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒருவேளை ஆடாமல் போனால்? என் முதுகு பொய் சொல்லியிருந்தால்? இரண்டு மணிக்கு எழுந்துபோய் உள்கடலைப் பார்த்தேன். கரைக்கல் இன்னும் தெரிந்தது. இரண்டரைக்கு நனைந்தது. மூன்றுக்கு மறைந்தது.

மூன்றேகாலுக்கு ரோலரை நகர்த்தினேன். லோடு டிப்பர் மெதுவாக வந்தது. பெரியவர் தரையோடு தரையாகக் குனிந்து சக்கரத்தையே பார்த்தார். முன் சக்கரம் ஏறியபோது, அதற்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் வெள்ளைத் தரை பாயை உதறினதுபோல் மெல்ல எழும்பி அடங்கியது. பின் சக்கரங்கள் ஏறியபோது ஓரத்தில் விரிசல் ஓடியது. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அந்த நாற்றத்தை எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். பெரிய சாரின் கை தானாகக் கைக்குட்டைக்குப் போனது.

தோண்டினோம். மேல் மணல் ஆளுயரத்துக்கும் குறைவு. அதற்கடியில் மட்டைகள், நாங்கள் விட்ட மாதிரியே, முழுசு முழுசாக. ஹம்சா காக்கா ஒன்றை எடுத்துக் கடலில் அலசி, கல்லில் வைத்துக் கட்டையால் அடித்தார். கறுப்பு போய்ப் பொன் நிறத்தில் நார் வந்தது. தொடையில் உருட்டி முழ நீளத்துக்குக் கயிறு திரித்தார். அதைப் பெரியவரிடம் நீட்டி, "சார், இழுத்துப் பாருங்க" என்றார். பெரியவர் இரண்டு கையாலும் இழுத்தார். அறுந்துபோகவில்லை.

பத்து நாள் அந்தக் குழியில் நானே இறங்கி நின்று வாரவைத்தேன். அடியில் வெள்ளை தெரிந்த பிறகும் ஒரு முழம் கூடத் தோண்டச் சொன்னேன். ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு டெஸ்ட்: ஒன்று கடல் இறங்கும்போது, ஒன்று ஏறும்போது. அன்றுமுதல் அந்த முனையில் கடிகாரத்தைப் பார்த்து யாரும் டெஸ்ட் செய்யவில்லை, கடலைப் பார்த்துத்தான் செய்தார்கள். மலரில் போட்டிருக்கும் நவீன மண் ஆய்வு இதுதான். இதில் முன்கூட்டியே எதுவும் இல்லை. மேலே தார் போட இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத நேரம் அது. இப்போது அந்த முனையில் எந்த நேரத்திலும் விமானம் இறங்குகிறது. போன வருஷம் ஹம்சா காக்காவின் மருமகளைப் பிரசவச் சிக்கலோடு அதில்தான் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

கடைசி அடுக்கு ஏறிய அன்று சாயந்திரம் பெரிய சார் என்னையும் மாமாவையும் கூப்பிட்டார். மேசைமேல் டைப் அடித்த தாள். பக்கத்தில் பேனா.

"சைன் பண்ணிட்டு ரோலருக்குப் போ முனீ" என்றார். தமிழில், மெதுவாக.

"படிச்சுக் காட்டுங்க சார்."

படித்தார். யாருக்கும் தெரியாமல், யாருடைய உத்தரவும் இல்லாமல், முனிரத்தினம் என்ற கூலியாள் குழியைச் சரியாக வாராமல் மூடியதாகவும், மேஸ்திரிக்கோ இன்ஜினியருக்கோ அது தெரியாது என்றும் எழுதியிருந்தது.

"இது முழுசா இல்ல சார்."

"சைன் பண்ணா வேலையில இருக்கலாம். இல்லேன்னா வியாழக்கிழமைக் கப்பல்."

பேனாவை எடுத்தேன். டைப் அடித்ததை ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே தமிழில், என் கோணல் எழுத்தில் எழுதினேன்: குழியை மூடியவர், முனிரத்தினம். மூடச் சொன்னவர், துரைசாமி மேஸ்திரி. பார்த்து டிக் போட்டவர் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டேன். என்னோடு இறங்கிய மற்ற மூன்று பேரை எழுதவில்லை. அவர்கள் மேலே ஏறியதும் குளிக்கப் போய்விட்டார்கள். வாரியாச்சா என்று கேட்டபோது அங்கே நின்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

"உங்க பேர நீங்களே எழுதுங்க சார். ஸ்பெல்லிங் எனக்குத் தெரியாது."

அவர் எழுதவில்லை. என்னை முனீ என்றும் கூப்பிடவில்லை, காரு என்றும் கூப்பிடவில்லை.

மாமா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எம்பேரு எங்க கீது?" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன். என்னைக் கெட்ட வார்த்தையால் ஒருமுறை திட்டினார். அப்புறம் மேசைமேல் இருந்த மை டப்பாவைத் திறந்து, கட்டைவிரலை அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைத்தார்.

"போலாம் வாடா" என்றார்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் கப்பல் ஏறினோம். ரோலர் அங்கேயே நின்றது. கம்பெனி வேறு ஆளைப் போட்டு ஓட்டிக்கொண்டது. மாமாவின் காண்ட்ராக்ட் அதோடு போனது. இரண்டு நாளும் அவர் என்னோடு பேசவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். கரை தெரிய ஆரம்பித்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"டேய், அந்தக் காயிதத்துல மொதல்ல யார் பேர எழுதுன?"

"எம்பேரு."

"எனுது?"

"ரெண்டாவது."

"அறிவிருக்குதா உனுக்கு? நான் மேஸ்திரிடா. எம்பேரு மொதல்ல வரணும்."